திருகோணமலையை ஆறுதலாகச் சுற்றுவது எப்படி? முதன்முறை வருபவர்களுக்கு ஒரு நாள் சைக்கிள் வழிகாட்டி

வேனில் வந்து இறங்கி, கோணேசரைக் கும்பிட்டு, கன்னியாவில் நான்கு வாளி வெந்நீர் ஊற்றி, நிலாவெளிக் கடலில் கால் நனைத்து, இருட்டுவதற்குள் கந்தளாயைத் தாண்டிவிடுவது. திருகோணமலைக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்து போகின்றன. ஊரைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு அவர்கள் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்கள் பார்த்தது நான்கு வாகனத் தரிப்பிடங்களைத்தான்.

இங்கே ஒருவரை வழியனுப்பும்போது ஆறுதலாகப் போய் வாருங்கள் என்போம். ஆறுதல் என்ற சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் தேற்றுதல் என்பதோடு, அவசரப்படாமல் இருப்பது என்றும் பொருள். அந்தப் பொருளில் ஊரைச் சுற்ற ஏற்ற வாகனம் சைக்கிள்தான். வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் நான் அவர்களை அழைத்துப் போகும் வழியையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சைக்கிள் ஓட்டிப் பல வருடம் ஆனவர்களும் இதைச் செய்யலாம். நாள் முழுவதும் சேர்த்து ஓட்டும் தூரம் இருபத்தைந்து கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஊரின் வடிவத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு நிலக்கழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே கோணேசர் மலை கடலுக்குள் துருத்தி நிற்கிறது. அந்த மலைக்குத் தெற்கே டச்சுக்குடா. வடக்கே இன்னொரு விரிகுடா, அதன் கரை அப்படியே உப்புவெளிவரை வளைந்து போகிறது. நகரத்தின் மறுபக்கத்தில், தென்மேற்கே, உட்துறைமுகம். கிழக்குக் கடலில் அலை அடித்துக்கொண்டிருக்கும். உட்துறைமுக நீர் குளம்போல அசையாமல் கிடக்கும். ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குச் சைக்கிளில் ஆறுதலாகப் போனாலும் பத்து நிமிடம் ஆகாது. இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் நகருக்குள் நீங்கள் வழி தவற மாட்டீர்கள். எந்தச் சந்தியில் குழம்பி நின்றாலும் ஏதாவது ஒரு கடலை நோக்கி ஓட்டுங்கள், தெரிந்த இடம் ஒன்று வந்துவிடும்.

மேடு என்று சொல்ல இரண்டே இடங்கள். ஒன்று கோட்டைக்குள் கோயிலுக்கு ஏறும் வீதி, மற்றது உவர்மலை. மீதி எல்லாம் சமதரை.

எந்த மாதம் வருவது?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை தொடங்கும். நவம்பரிலும் டிசெம்பரிலும் மழை நாட்கணக்கில் பெய்யும், கடலும் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் வந்தால் ஊர் பச்சையாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் சைக்கிளுக்கு அது காலமல்ல.

கோடையிலும் ஒரு கணக்கு உண்டு. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். தரையிலிருந்து வரும் காற்று. வறண்டது, சூடானது, பகல் ஏற ஏற வலுக்கும். அந்த நாட்களில் மேற்கு நோக்கிப் போகும் பயணம் எதுவானாலும் விடியலில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிடும்.

சைக்கிளை வாங்குமுன் ஐந்து நிமிடம்

உப்புவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள் பலவற்றில் சைக்கிள் வாடகைக்குத் தருகிறார்கள். நகரில் தங்கினால் விடுதிக்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்த ஒருவரிடமாவது இருக்கும். விலையை முன்கூட்டியே பேசுங்கள். முதல்நாள் மாலையே சைக்கிளை எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் நாம் புறப்படப்போகும் நேரத்தில் யாரும் கடை திறந்திருக்க மாட்டார்கள்.

சைக்கிளைக் கையில் தந்தவுடன் ஏறி உட்காராதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே தள்ளுங்கள், சில்லு உருளக்கூடாது. பின் பிரேக்குக்கும் அப்படியே. டயரைப் பெருவிரலால் அழுத்துங்கள். அமிழ்ந்தால் காற்றடிக்கச் சொல்லுங்கள். செயினைப் பாருங்கள். கடற்கரை விடுதிகளில் உப்புக் காற்றில் நின்ற சைக்கிள்களின் செயின் பெரும்பாலும் துருவேறி இறுகியிருக்கும். இரண்டு துளி எண்ணெய் கேட்டு வாங்குங்கள். பிறகு இருக்கை உயரம். ஏறி உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரி. வாடகைச் சைக்கிள் ஓட்டி மறுநாள் முழங்கால் வலி என்று சொல்பவர்களில் பலர் இருக்கையை மிகத் தாழ்வாக வைத்து ஓட்டியவர்கள்.

டியூப்பில் எத்தனை ஒட்டு என்றும் கேட்டு வையுங்கள். இதை ஒரு சித்திரை மாத நடுப்பகலில் கற்றேன். நிலாவெளி வீதியில் ஒரு தேநீர்க் கடைக்கு வெளியே, நல்ல வெயிலில், சைக்கிளை அரை மணி நேரம் நிறுத்தியிருந்தேன். வந்து பார்த்தபோது பின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. சூட்டில் பழைய ஒட்டு ஒன்று கழன்றுவிட்டது. நிழலில்லாத வீதியில் திருத்தும் கடைவரை மூன்று கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்து சைக்கிளுக்கு நிழல் பார்த்த பிறகுதான் எனக்கு நிழல் பார்க்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நகரத்துக்குள் சைக்கிள் திருத்தும் கடைகள் உண்டு, முச்சக்கரவண்டிக்காரர்களைக் கேட்டால் காட்டுவார்கள். ஊர் எல்லை தாண்டினால் கடைகள் குறையும்.

பையில் என்ன வைப்பது? ஒரு ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். தேசிக்காய் பிழிந்து, உப்பும் கொஞ்சம் சீனியும் போட்ட ஒரு சிறு போத்தல். விளிம்பு அகன்ற தொப்பி. கோயிலுக்குள் போகத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஒரு துணி, அல்லது ஒரு சாரம். கடலில் இறங்கினால் மாற்றுடுப்பு. கரியரில் கட்ட ஒரு ரப்பர் பட்டி. பூட்டு. இருட்டில் ஓட்ட நேரலாம் என்பதால் முன்னும் பின்னும் விளக்கு.

ஐந்தரை மணி: டச்சுக்குடாவில் விடியல்

கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருபவர்களுக்குப் புகையிரத நிலையத்திலிருந்தே நாள் தொடங்கிவிடும். மற்றவர்கள் ஐந்தரைக்கு விடுதியை விட்டுப் புறப்படுங்கள். இந்த நேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இங்கே வெயில்தான் நாளை நடத்துகிறது. காலை பத்தரைக்குப் பிறகும் மாலை மூன்றரைக்கு முன்பும் நீங்கள் வீதியில் இருக்கக்கூடாது. அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுக்கொடுப்பதற்காகத்தான் விடியலைப் பிடிக்கச் சொல்கிறேன்.

டச்சுக்குடாக் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் உட்காருங்கள். ஆறு மணியை ஒட்டிச் சூரியன் நேராகக் கடலிலிருந்து எழும். இடப்பக்கம் கோணமலையின் கரிய முதுகு முதலில் சிவக்கும். அந்த வேளையில் கரையில் உங்களோடு இருப்பவர்கள் நடைபயிற்சிக்கு வந்த முதியவர்கள், இரண்டு மூன்று நாய்கள், சில நாட்களில் மான்கள். மான் என்றதும் வியக்காதீர்கள். புள்ளிமான்கள் கோட்டைக்குள் கூட்டமாக வாழ்கின்றன, கடற்கரைக்கும் வீதிக்கும் தாமாகவே இறங்கி வரும். எதிரே மான் நின்றால் மணி அடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பிஸ்கட் கொடுக்காதீர்கள். பொலித்தீன் உறையோடு தின்றுவிட்டுச் செத்துப்போன மான்களைப் பற்றி இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

கோட்டையும் கோணேசர் கோயிலும்

கரையிலிருந்து கோட்டை வாசல் பக்கத்தில்தான். நுழையுமுன் வாசல் கல்லைப் பாருங்கள். அதில் மீன் சின்னமும் பழைய தமிழ் எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானோர் தலை நிமிராமல் உள்ளே போய்விடுகிறார்கள். அந்தக் கல்லின் முன் இரண்டு நிமிடம் நின்றால் இந்த மலையின் கதை உங்களுக்குப் பிடிபடத் தொடங்கும்.

ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய தலம் இது. ஈழத்துப் பாடல்பெற்ற தலங்கள் இரண்டு, மற்றது மன்னாரில் திருக்கேதீச்சரம். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களையும் கொண்டுதான் கோட்டை எழுந்தது. 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782 என்ற ஒரே வருடத்தில் கோட்டை ஆங்கிலேயரிடம் போய், பின்பு பிரெஞ்சுக்காரரிடம் போனது. சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு ஒல்லாந்தரிடமே திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்ரிக் கோட்டை என்று அழைக்கத் தொடங்கினார்கள். இத்தனை பேர் இந்தப் பாறைக்காக ஏன் சண்டை பிடித்தார்கள் என்ற கேள்விக்கு மேலே ஏறியதும் விடை தெரியும். துறைமுகத்துக்குள் நுழைய வரும் கப்பல் எதுவும் அந்தப் பார்வைக்குத் தப்ப முடியாது.

கோட்டைக்குள் இன்றும் படைமுகாம் இருக்கிறது. வாசலில் கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். சைக்கிளை எங்கே விடச் சொல்கிறார்களோ அங்கே பூட்டிவிடுங்கள். முகாம் கட்டடங்களைப் படமெடுக்காதீர்கள். மேலே போக அனுமதித்தாலும் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதே நல்லது. திரும்பி இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து, விட்டுவிட்டுப் பிடித்து வாருங்கள். வளைவுக்கு அப்பால் பக்தர்கள் நடந்து வந்துகொண்டிருப்பார்கள்.

காலையில் ஏழு மணியளவில் கோயிலில் நின்றால் கூட்டம் இருக்காது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதாலும் காலையே சரியான நேரம். ஆண்கள் உள்ளே போகும்போது மேற்சட்டையைக் கழற்றுவது வழக்கம். கோணேசரையும் மாதுமை அம்பாளையும் கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். கோயிலைச் சுற்றி மலை விளிம்புக்கு வாருங்கள். அங்கே பாறை கத்தியால் பிளந்ததுபோல் இரண்டாகப் பிரிந்து கடல்வரை இறங்குகிறது. இராவணன் வெட்டு என்பது அதுதான். தாய்க்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் என்பது ஐதீகம். விளிம்பை ஒட்டிய மரத்தில் சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்கும். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் கட்டியவை. அவற்றைத் தொடாமல், படமெடுக்காமல் விடுங்கள். ஒவ்வொரு தொட்டிலிலும் யாரோ ஒருத்தியின் கண்ணீர் இருக்கிறது.

இடித்த கோயிலின் தூண்கள் கீழே கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இங்கே மூழ்கியபோது அவற்றைக் கண்டார்கள். அதற்கு முன்பே, 1950இல், நகரில் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள் புதைத்துக் காக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்திருந்தன. மீளக் கட்டிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. முந்நூற்று நாற்பது வருடங்களுக்குப் பிறகு! அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே கடலைப் பாருங்கள்.

மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் வந்திருந்தால் தொலைவில் கண் வைத்திருங்கள். கொட்டியாரக்குடாவிலிருந்து கடலடியில் ஓர் ஆழமான பள்ளத்தாக்கு தொடங்கி வெளியே போகிறது. ஆழம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதால்தான் நீலத்திமிங்கிலங்களும் கிட்ட வருகின்றன. நல்ல நாளில், வெள்ளையாக ஒரு நீர்த்தூண் எழுந்து காற்றில் கலைவதை இந்தப் பாறையிலிருந்தே காணலாம். நான் பார்த்த நாட்களை விடப் பார்க்காத நாட்களே அதிகம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

சிவராத்திரியை அடுத்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வந்தால் சைக்கிளை மறந்துவிடுங்கள். வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்திருப்பார்கள், வீதியெல்லாம் சனம். நடந்து போய் அதில் கலந்துவிடுங்கள்.

எட்டரை மணி: சாப்பாடு, பிறகு நகரம்

மலை ஏறி இறங்கிய பசிக்கு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். மத்திய வீதிப் பக்கம் சைவக் கடைகளும் அசைவக் கடைகளும் இருக்கின்றன. காலையிலேயே கூட்டம் நிற்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். முடிவில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ. கோலா வேண்டாம்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நகருக்குள். பத்திரகாளி அம்மன் கோயிலில் தொடங்குங்கள். கோபுரத்து வண்ணச் சிற்பங்களைக் காலை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அங்கிருந்து மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை. சந்தைப் பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடவுங்கள். இரண்டு மொழியும் ஒரே கடையில் கேட்கும். விற்பவர் தமிழில் தொடங்கி, சிங்களத்தில் விலை சொல்லி, மீண்டும் தமிழில் முடிப்பார். வழி கேட்பதென்றால் அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என்று தொடங்குங்கள். பெயர்ப்பலகையைவிட மனிதர்களே இங்கே நல்ல வழிகாட்டிகள். கைபேசி வரைபடம் சில வீதிகளில் உங்களைக் கடற்படை முகாமின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கடல்சார் அருங்காட்சியகம் பழைய ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் வீட்டில் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே போங்கள். தடித்த சுவர்கள், அகன்ற விறாந்தை. கண்காட்சியைவிட அந்தக் கட்டடத்தின் குளிர்ச்சிக்காகவே எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

பிறகு உட்துறைமுக வீதி. நகரில் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல ஒரு வீதி உண்டென்றால் அது இதுதான். நீர் ஒரு பக்கம், மரங்கள் மறுபக்கம். எதிர்க்கரையில் காடு மூடிய குன்றுகள். உலகின் மிகப்பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கே நின்றால்தான் அது விளங்கும்: இவ்வளவு நீர், ஓர் அலைகூட இல்லை. அக்கரையில் சீனக்குடாக் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. இன்று எண்ணிக்கை 99. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல்தான் குண்டு போட்டன.

கால் வலு இருந்தால் உவர்மலைக்கு ஏறுங்கள். ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் என்பதை எங்கள் ஆட்கள் எவ்வளவு அழகாக உவர்மலை ஆக்கியிருக்கிறார்கள் பாருங்கள்! வலு இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கீழிருந்து தெரியும் காட்சியே போதும்.

பத்தரை முதல் மூன்றரை வரை

நிழல். குளிப்பு. மீன்குழம்பும் கணவாய்க் கறியும் வைத்த சோறு. உறக்கம். இதைத் தவிர எதையும் செய்யவேண்டாம். இளநீர் கிடைத்தால் குடியுங்கள், கோடையில் நுங்கு வெட்டி விற்பார்கள். தலைச்சுற்றல், வியர்வை திடீரென நின்றுபோதல், குமட்டல் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. குளிர்ந்த இடத்தில் படுத்து உடம்பை நனைத்து, தயங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மாலை: உப்புவெளி, சாம்பல்தீவு

மூன்றரைக்கு வடக்கே நிலாவெளி வீதியில் திரும்புங்கள். உப்புவெளி வரை சுமார் ஐந்து கிலோமீற்றர். பஸ்கள் வேகமாக வரும் வீதி இது. இடது ஓரத்தை விட்டு விலகாமல், ஒருவர் பின் ஒருவராக ஓட்டுங்கள். பின்னால் நீண்ட ஹோர்ன் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், கைப்பிடி ஆடும். நேராக வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். மாடுகளும் ஆடுகளும் வீதியைத் தங்களுடையதாகவே கருதும். மாட்டுக்கு முன்னால் போகாமல் பின்னால் சுற்றிப் போங்கள்.

வழியில், வீதியோரத்தில், போரில் இறந்தவர்களுக்கான பொதுநலவாய மயானம். வெட்டிச் சீராக்கிய புல்வெளியில் வரிசையாகக் கற்கள். வயதுகளை வாசித்துக்கொண்டு ஒரு வரிசை நடந்தால் போதும், இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று வரும். போரை நாங்களும் பார்த்தவர்கள் என்பதாலோ என்னவோ, இந்த இடத்தில் எனக்குக் குரல் எழுவதில்லை.

உப்புவெளிக் கரையில் உங்களுக்கு வாய்ப்பு இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தோணியில் போய் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு, அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடைசியில் மடி கரை தட்டும்போது கீரி மீனும் சூடை மீனும் வெள்ளியாகத் துள்ளும். கைகொடுக்கலாமா என்று கேளுங்கள். பலமுறை கயிற்றில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமல் நடுவே நுழைந்து படமெடுப்பது மட்டும் வேண்டாம், அது அவர்களுடைய அன்றைய கூலி.

மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கடல் குளிக்க நல்லது. இடுப்பளவுக்கு மேல் போகவேண்டாம். சில நாட்களில் சொறி என்று நாங்கள் சொல்லும் இழுதுமீன்கள் கரை ஒதுங்கும். அன்றைக்கு இறங்கலாமா என்று மீனவர்களையே கேளுங்கள். மிச்ச வெளிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு கிலோமீற்றர் போய்ச் சாம்பல்தீவுப் பாலத்தில் நில்லுங்கள். களப்பு நீரில் கொக்குகள், ஓரத்தில் பனங்கூடல். அந்திக்கு அது போதும். ஐந்தே முக்காலுக்குத் திரும்பிவிடுங்கள்.

நகருக்கு வந்ததும் மீண்டும் டச்சுக்குடா. காலையில் வெறிச்சோடிக் கிடந்த கரையில் இப்போது பிள்ளைகள், பட்டங்கள், கச்சான் வறுக்கும் வண்டிகள். கச்சான் என்பது காற்றின் பெயர் மட்டுமல்ல, நிலக்கடலையும் இங்கே கச்சான்தான். சூடான இறால் வடையும் உப்புத்தூள் போட்ட மாங்காயும் வாங்கிக்கொண்டு மணலில் இருங்கள்.

இன்னொரு நாள் இருந்தால்

கன்னியாவை அடுத்த நாள் விடியலுக்கு வையுங்கள். அநுராதபுர வீதியில் மேற்கே சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. தாய்க்கு இராவணன் கருமம் செய்த இடம் என்ற நம்பிக்கையால் இன்றும் பலர் இறந்தவர்களுக்கான கிரியைகளுக்காக வருகிறார்கள். அப்படி ஒரு குடும்பம் நின்றால் அவர்கள் முடிக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள். சவர்க்காரம் போடக்கூடாது.

ஆறு பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு: நகருக்குள் ஆறு இல்லை. ஆனால் இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி, எங்கள் கொட்டியாரக்குடாவில்தான் கடலைச் சேர்கிறது. சீனக்குடா வழியாகக் கிண்ணியா சுமார் இருபது கிலோமீற்றர். புதியவர்கள் சைக்கிளில் போய்த் திரும்ப அது நீண்ட தூரம். சைக்கிளை நகரில் விட்டு மூதூர் பஸ்ஸில் ஏறுங்கள். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முன் மிதவையில்தான் கடந்தோம். அந்த மிதவைக்கு எங்கள் பெயர் பாதை. பாதை வந்துவிட்டதா என்று கரையில் நின்று கேட்ட காலம் அது. கிண்ணியாவுக்கு அப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மூன்று பாலங்கள். கங்கைப் பாலத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மலைநாட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், இங்கே அகன்று, அசைவே தெரியாமல் கடலுக்குப் போகும். திரும்பும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்குமுன்

ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, சில்லுகளிலும் செயினிலும் ஒட்டிய மணலையும் உப்பையும் கழுவுங்கள். துணியால் துடையுங்கள். முதலில் வாங்கிய அதே எண்ணெயில் இரண்டு துளி மீண்டும் விடுங்கள். பிரேக்கில் ஏதாவது குறை தெரிந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், நாளைக்கு அதில் ஏறப்போவது வேறொருவர்.